குளிர்காலத்தில் லாரி டர்போ ஏன் ஆயில் தள்ளுகிறது?

உறைபனிக் காலையில் லாரியை ஸ்டார்ட் செய்து முக்கால் மணி நேரம் ஐடிலில் விட்டிருப்பார்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கும். சைலன்சர் வாயில் கறுப்பாக ஈரம் படிந்திருக்கும். "டர்போ ஆயில் தள்ளுது, மாத்திடுங்க" என்று பட்டறையில் தீர்ப்பு வந்துவிடும். புது டர்போ ஏறும். அடுத்த கடுங்குளிரில் அதுவும் தள்ளும். ஆயில் டர்போவுக்குள் வந்து சேரும் வழியையோ, அங்கிருந்து வெளியேறும் வழியையோ குளிர் மறித்திருப்பதுதான் பல நேரங்களில் உண்மையான கோளாறு. அது வெளியே தெரிகிற இடம் டர்போ, அவ்வளவே. ஸ்பானரை எடுப்பதற்கு முன் இந்த இரண்டு வழிகளையும் பார்த்துவிடுவது நல்லது.

டர்போவில் ஒரே ஷாஃப்டின் இரு முனையிலும் சக்கரம் உண்டு: புகையின் வேகத்தில் டர்பைன் சக்கரம் சுற்றும், அதோடு சுற்றும் கம்ப்ரசர் சக்கரம் என்ஜினுக்குள் காற்றை அழுத்தும். கனரக லாரி டர்போவின் ஷாஃப்ட் முழு லோடில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை ஒட்டிச் சுழலும். அந்த வேகத்தைப் பெரும்பாலான லாரி டர்போக்களில் தாங்குவது பால் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஓர் ஆயில் படலம், புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இன்னொரு படலம். புஷ்ஷும் சேர்ந்தே மெதுவாகச் சுற்றும். உராய்வைக் குறைப்பதோடு, டர்பைன் பக்கத்திலிருந்து வரும் சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அந்த ஆயிலின் வேலைதான்.

ஆயில் வரும் குழாய் பென்சில் கனம். திரும்பும் குழாய் கட்டைவிரல் கனமோ அதற்கு மேலோ இருக்கும். வரும் ஆயிலைப் பம்ப் தள்ளுகிறது. திரும்பும் ஆயிலைத் தள்ள எதுவும் இல்லை. ஷாஃப்டில் அடிபட்டு, காற்றோடு கலந்து, நுரையாக அது தன் எடையால் மட்டுமே என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வழிந்து இறங்க வேண்டும். அதனால்தான் திரும்பும் குழாய் கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக இருக்க வேண்டும், 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்று டர்போ தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது சீல். டர்போவின் இரு முனைகளிலும் இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற ஓர் உலோக வளையம்; ரப்பர் சீல் அல்ல. அதில் இடைவெளி உண்டு. ஆயிலை உண்மையில் உள்ளே நிறுத்துவது அழுத்த வித்தியாசம்: ஒரு பக்கம் கம்ப்ரசர் காற்றின் அழுத்தம், மறுபக்கம் புகையின் அழுத்தம். இரண்டும் பேரிங் கூட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரை வாயு உள்நோக்கித்தான் கசியும், ஆயில் வெளியே வராது. ஐடிலில் அந்த அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அப்போது கூட்டுக்குள் ஆயில் தேங்கினாலோ, என்ஜினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ வளையத்தால் தடுக்க முடியாது. நேற்று மாட்டிய புது வளையமும் தடுக்காது.

வரும் வழி

என்ஜின் ஆயில் குளிரில் எவ்வளவு கெட்டியாகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எஸ்ஏஇ ஜே300 என்ற ஆயில் தரநிலைப்படி 15டபிள்யூ-40 ஆயில் (டபிள்யூ-வுக்கு முன்னுள்ள எண் குறையக் குறைய குளிரில் கெட்டியாவது குறையும்) மைனஸ் 20 டிகிரியில் 7,000 மில்லிபாஸ்கல்-நொடிக்கு (பிசுக்கை அளக்கும் அலகு) மேல் கெட்டியாக இருக்கக் கூடாது. இது ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுற்ற முடியுமா என்பதற்கான எல்லை. மைனஸ் 25-இல் 60,000-ஐத் தாண்டக் கூடாது. இது பம்ப் ஆயிலை உறிஞ்ச முடியுமா என்பதற்கான எல்லை. 10டபிள்யூ ஆயிலுக்கு அந்தப் பம்ப் எல்லை மைனஸ் 30, 5டபிள்யூ-வுக்கு மைனஸ் 35, 0டபிள்யூ-வுக்கு மைனஸ் 40. சூடான என்ஜினில் இதே ஆயிலின் பிசுக்கு பன்னிரண்டு, பதின்மூன்று என்ற அளவில்தான் இருக்கும். அதாவது அந்த எல்லையை நெருங்கும்போது ஆயில் பல ஆயிரம் மடங்கு கெட்டியாகியிருக்கிறது.

இந்த எண்கள் புது ஆயிலுக்கு. புகைக்கரி ஏறி, வெப்பத்தில் முதிர்ந்த ஆயில் கேனில் எழுதியிருக்கும் தரத்தில் இருக்காது. குளிர்காலம் முழுவதும் பழைய ஆயிலில் ஓட்டிவிட்டு "5டபிள்யூ தானே ஊற்றினேன்" என்று சொல்வதில் பயனில்லை. கடுங்குளிர் தொடங்கும் முன்பே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது தேவையான செலவு.

பம்ப் உறிஞ்சுவதற்குத் தனி எல்லை ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள சூ ஃபால்ஸ் பகுதியில் வண்டிகள் ஸ்டார்ட் ஆகி, ஆயில் ஏறாமல் என்ஜின் பழுதாயின. அன்றைய சோதனைகளில் அந்த ஆயில்கள் தேறியவை. ஆனால் சோதனையில் வேகமாகக் குளிர்வித்தார்கள்; இயற்கையில் ஆயில் மெதுவாகக் குளிர்ந்தபோது, உள்ளிருந்த மெழுகு வலைபோலப் பின்னி ஆயிலைக் கூழாக்கிவிட்டது. பம்ப் ஒரு வாய் உறிஞ்சியதும் அங்கே குழி விழுந்தது. பக்கத்து ஆயில் வழிந்து வந்து அதை நிரப்பவில்லை. பம்ப் காற்றைத்தான் இழுத்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு நாள் அளவுக்கு மெதுவாகக் குளிர்வித்துச் சோதிக்கும் முறை தரநிலைக்குள் வந்தது. ஆயில் டின்னில் போடும் உறைநிலை எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். சாய்த்தால் அசைகிற ஆயிலைப் பம்ப் உறிஞ்சிவிடும் என்று உறுதி இல்லை.

வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இரவெல்லாம் வெளியில் நின்ற லாரியின் டிப்ஸ்டிக்கை உருவி, முனை கீழே பார்க்கும்படி பிடியுங்கள். துளி சேர்ந்து, நீண்டு, விழ வேண்டும். தேன்போல இழுத்துக்கொண்டாவது விழுந்தால் போதும். முனையில் கிரீஸ்போல அப்பிக்கொண்டு அப்படியே நின்றால் சாவியைத் தொடாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் ஏமாற்றுவது கேஜ். ஆயில் கெட்டியாக இருக்கும்போது பம்புக்கு அருகே அழுத்தம் சட்டென்று ஏறும், முள் உச்சிக்குப் போகும். ஆனால் அழுத்தம் அதிகமானதும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலின் பெரும்பகுதியைச் சம்புக்கே திருப்பிவிடும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குகளுக்குப் போகும். டர்போவுக்கான மெல்லிய குழாய் இந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது. முள் மேலே நிற்கிறதே என்று அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுத்தால் ஷாஃப்ட் நொடிப்பொழுதில் பல்லாயிரம் சுற்றுக்குத் தாவும். புஷ்ஷில் ஆயில் வந்திருக்காது. குளிர்காலத்தில் டர்போவைக் கொல்லும் முதல் தவறு இதுதான். பிரித்துப் பார்த்தால் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் நீலம் பாய்ந்திருக்கும், புஷ்ஷின் வெண்கலம் ஷாஃப்டில் பூசினாற்போல ஒட்டியிருக்கும்.

எந்த ஆயில் என்பதில் என்ஜின் கையேடுதான் முடிவு. பொதுவாக, மைனஸ் 15-க்குக் கீழே அடிக்கடி போகும் இடத்தில் 15டபிள்யூ-40 வேண்டாம். 10டபிள்யூ-30 அல்லது சிந்தெடிக் 5டபிள்யூ-40 போதுமானது. மைனஸ் 30-ஐ நெருங்கினால் 0டபிள்யூ-40. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 2016 டிசம்பரில் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரப்பட்டியலின் எஃப்ஏ-4 ரக ஆயில் சூட்டில் வேண்டுமென்றே மெல்லியதாகத் தயாரிக்கப்படுவது. குளிருக்கு நல்லது என்று நினைத்து, அதற்கு அனுமதி இல்லாத என்ஜினில் ஊற்றினால் முழு லோடில் பேரிங் படலம் மெலியும். பழைய என்ஜின்களுக்கு அதே காலத்தில் வந்த சிகே-4 ரகம்தான்.

சூடேற்றுவதிலும் ஒரு குழப்பம் நிலவுகிறது. பிளாக் ஹீட்டர் கூலன்டைச் சூடாக்கும், சிலிண்டர்கள் சூடாகும், என்ஜின் அழகாகப் பற்றும். ஆனால் கீழே சம்பில் ஆயில் கல்போலவே இருக்கும். சட்டென்று பற்றும் என்ஜினும் கெட்டியான ஆயிலும் சேர்ந்திருப்பது டர்போவுக்கு ஆபத்தான சேர்க்கை. கடுங்குளிருக்குச் சம்பின் அடியில் ஒட்டும் சிலிகோன் ஹீட்டர் பேடும் வேண்டும். சம்புக்குள் நேரடியாக இறக்கும் ஹீட்டர் என்றால், சூடு சிறிய பரப்பில் குவிந்து ஆயிலைக் கருக்காத ரகமாக இருக்க வேண்டும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு போட்டால் போதும். சம்பின் அடியில் நெருப்பு மூட்டுவது எந்த நிலையிலும் வேண்டாம். சிலிண்டரைச் சூடேற்றும் கிளோ பிளக்கோ, உள்ளே போகும் காற்றைச் சூடேற்றும் இன்டேக் ஹீட்டரோ உள்ள என்ஜினில், சட்டென்று பற்றட்டும் என்று ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் வெடிப்பை அழைப்பதுதான்.

போகும் வழி

டீசல் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது, ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் இறங்கி, பிரீதர் குழாய் வழியாக ஆவியாக வெளியேறும். திறந்த பிரீதர் உள்ள லாரியில் அந்தக் குழாய் வண்டிக்கு அடியில், ஓடும்போது பனிக்காற்று நேராக அடிக்கும் இடத்தில் முடிகிறது. ஈரம் அங்கே படிந்து உறைகிறது. முதலில் உள்சுவரில் வெள்ளைத் தகடு. பிறகு ஒரு சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. பிறகு முழு அடைப்பு.

வெளியேற வழியில்லாமல் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறும். டர்போவின் திரும்பும் குழாய் அதே கிராங்க்கேஸில்தான் திறக்கிறது. கீழிருந்து அழுத்தம் எதிர்த்து நிற்க, தன் எடையால் மட்டும் இறங்க வேண்டிய நுரை ஆயில் இறங்காது. பேரிங் கூடு நிரம்பும், ஆயில் வளையத்தைத் தாண்டி இரு பக்கமும் வழியும். இதே அழுத்தம் கிராங்க் சீலையும் பிதுக்கலாம். டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருந்தால் அதுவே நல்ல துப்பு. கேரேஜுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் பனி உருகிவிடுவதால், மெக்கானிக் பார்க்கும்போது குழாய் சுத்தமாக இருக்கும், குற்றம் டர்போ மேல் விழும். அதனால் குழாயை வெளியில், வண்டி குளிரில் நிற்கும்போதே பாருங்கள்.

தடுக்க வழி எளிது. குழாயில் எங்கும் பள்ளம் விழாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி முதலில் உறையும். குழாய்க்கு வெப்பக் காப்பு உறை சுற்றுங்கள். முனை என்ஜினின் சூடு படும் தூரத்தில் முடிந்தால் நல்லது. சில என்ஜின்களில் குழாயின் மேல்பகுதியில், சூடான இடத்தில் சிறு பிளவு விட்டிருப்பார்கள். கீழே உறைந்தாலும் மேலே மூச்சு விடட்டும் என்பதற்காக. அது ஓட்டை என்று நினைத்து டேப் சுற்றி அடைத்துவிடாதீர்கள். பிரீதர் ஆவியை டர்போவின் முன்பக்கத்துக்கே திருப்பிவிடும் மூடிய அமைப்பில் வேறு சிக்கல்: சூடான ஈர ஆவி குளிர்ந்த காற்றைச் சந்திக்கும் இணைப்பில் பனிக்கட்டி வளரும், பெயர்ந்து வந்தால் கம்ப்ரசர் சக்கரத்தின் இறக்கைகளை உடைக்கும். அங்கே ஹீட்டர் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று குளிர்காலத்துக்கு முன்பே சோதிக்க வேண்டும்.

திரும்பும் குழாயையும் விடக் கூடாது. சூடாக என்ஜினை அணைக்கும் பழக்கம் உள்ள வண்டியில் அதன் உட்புறம் கருகிய ஆயில் படிந்து குறுகியிருக்கும். சூடான மெல்லிய ஆயிலுக்கு அந்த வழி போதும். குளிர்ந்த கெட்டி ஆயிலுக்குப் போதாது. கோடையில் தெரியாத கோளாறு குளிரில் மட்டும் தலைகாட்டுவது இப்படித்தான். கழற்றி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மாட்டும்போது கேஸ்கெட் ஓட்டையை மறைக்காமல் உட்கார வேண்டும். சீலன்ட் பூசவே வேண்டாம், அதன் பிதுங்கல் குழாயை அடைக்கும்.

ஐடிலில் விட்டுச் சூடாக்குவது என்ற பழக்கம் இந்த இரண்டு வழிகளையும் ஒரேயடியாகக் கெடுக்கிறது. குறைந்த சுற்றில் டீசல் சிலிண்டர் போதிய சூடு பிடிப்பதில்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்கு இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், அளவு ஏறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் "கூடியிருந்தால்" மகிழ வேண்டாம், முகர்ந்து பாருங்கள். ஏறிய ஆயிலைக் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும், திரும்பும் குழாய்க்கு இன்னொரு தடை. புகை அழுத்தமும் இல்லாததால் டர்பைன் பக்க வளையம் காவலின்றி நிற்கும். காத்திருக்கத்தான் வேண்டுமென்றால் 1,000 முதல் 1,200 சுற்றில் வையுங்கள்.

எது உண்மையில் டர்போ கோளாறு?

சைலன்சர் வாயில் இருக்கும் ஈரத்தை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றிப் பாருங்கள். எரியாத டீசலும் கரியும் என்றால் கறை அகலமாகப் பரவி, மணக்கும், போகப்போக வெளிறும். ஆயில் என்றால் கனத்த கறையாக அங்கேயே நிற்கும். காலையில் வரும் வெண்புகை பெரும்பாலும் நீராவியும் டீசலும். சூடான பிறகும் தொடரும் நீலப்புகைதான் ஆயில். மூடிய பிரீதர் உள்ள வண்டியில் இன்டர்கூலர் ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு. ஹோஸைக் கழற்றினால் ஆயில் ஊற்றினால்தான் கவலை.

அடுத்து ஏர் ஃபில்டர். பனி அப்பி அடைத்தால் கம்ப்ரசர் சக்கரத்தின் முதுகுப் பக்கம் வெற்றிடம் உண்டாகி ஆயிலை உறிஞ்சும். கனரக டீசலில் பொதுவாக 25 அங்குல நீரழுத்தம்தான் தடையின் உச்ச எல்லை. அதன் பிறகு கிராங்க்கேஸ் அழுத்தம். ஒளி ஊடுருவும் ட்யூபை யு வடிவில் பலகையில் கட்டி, உறையாமலிருக்கக் கூலன்ட் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை நிப்பிள் பொருத்திய பழைய ஆயில் மூடியோடு இணைத்தால் அளவுகோல் தயார். டிப்ஸ்டிக் குழாயில் மாட்டாதீர்கள். பல என்ஜின்களில் அதன் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், அளவு தவறும். லோடு இல்லாமல் உச்ச சுற்றில் வைத்து இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைக் கையேட்டு எல்லையோடு ஒப்பிடுங்கள். பிரீதர் குழாயைக் கழற்றியதும் அழுத்தம் விழுந்தால் அடைப்பு குழாயில். விழாவிட்டால் பிஸ்டன் ரிங், ஏர் பிரேக் கம்ப்ரசர், தேய்ந்த டர்போ மூன்றில் ஒன்று.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஆயில் தள்ளினால், இப்போது டர்போ. ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆட்டம் தெரியும். மிதக்கும் புஷ்ஷுக்கு அது இயல்பு, ஆயில் படலம் இல்லாதபோது கூடுதலாகவே தெரியும். சக்கரம் கூட்டில் உரசிய தடம் இருக்கக் கூடாது. முன்பின் ஆட்டம் டயல் கேஜில் பொதுவாக 0.1 மில்லிமீட்டர் அளவுக்குள்தான். கையில் தெளிவாக உணரும் அளவு என்றால் முன்பின் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. ஆயில் தள்ளுவதை நிறுத்த வரும் குழாயில் வாஷர் வைத்துக் குறுக்குவதைச் சிலர் செய்கிறார்கள். மிதக்கும் புஷ் டர்போவில் அது கசிவை நிறுத்தாது, புஷ்ஷைத்தான் எரிக்கும்.

ஸ்டார்ட் முதல் நிறுத்தம் வரை

கிளச்சை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடர்ந்து 30 நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரைப் பிடிக்க வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுமுறை. பற்றிய 15 நொடிக்குள் கேஜ் எழாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். எழுந்தாலும் முதல் மூன்று, ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். பிறகு லேசாக ஓட்டியே சூடேற்றுங்கள். கூலன்ட் 70 டிகிரிக்கு வரும்வரை ஏற்றத்தில் அழுத்தம் வேண்டாம். ஆயில் சூடு எப்போதும் கூலன்டுக்குப் பின்தான் வரும். முன் கிரில்லை மறைக்கும் உறையை முழுக்க மூடாமல் நடுவில் திறப்பு விடுங்கள், இன்டர்கூலருக்குக் காற்று வேண்டும்.

நிறுத்தும்போது மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடில். வெளியே மைனஸ் 30 என்றாலும் டர்பைன் கூட்டின் சூடு குறைவதில்லை. ஆயில் ஓட்டம் நின்றதும் அந்தச் சூடு ஷாஃப்ட் வழியாகப் புஷ்ஷுக்கு ஊறி, நின்ற ஆயிலைக் கருக்கும்.

புது டர்போ மாட்ட நேர்ந்தால், வரும் குழாயை இணைக்கும் முன் ஆயில் துளையில் 50, 60 மில்லிலிட்டர் சுத்தமான என்ஜின் ஆயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வரும் குழாயின் உட்புறம் கருகியிருந்தால் கழுவிப் பயன்படுத்தாமல் மாற்றுங்கள். டீசலை நிறுத்திவைத்து, ஆயில் கேஜ் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றிய பிறகே பற்றவையுங்கள். இதற்கெல்லாம் முன்பு இன்டர்கூலரைக் கழற்றி வடித்துக் கழுவியிருக்க வேண்டும். உள்ளே தேங்கிய ஆயில் முதல் ஏற்றத்தில் மொத்தமாகச் சிலிண்டருக்குள் போனால் என்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் காற்று வழியை உலோகத் தகடாலோ கட்டைப் பலகையாலோ அடைக்க வேண்டும், கையாலோ துணியாலோ ஒருபோதும் முயலக் கூடாது. மேனுவல் கியர் வண்டி என்றால் உச்ச கியரைப் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளச்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்தலாம். புகை வடிகட்டி உள்ள வண்டியில், பழைய டர்போ தள்ளிய ஆயில் அதற்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கழற்றிப் பார்த்த பிறகே வண்டியை லோடுக்கு அனுப்புங்கள்.